கான்கிரீட் போடும் முன்பே குழாய்: டெல்டா வீடொன்றில் நெட்வொர்க் கேபிள் போட்ட பதிவு

தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் கிராமத்தில் அக்காவும் அத்தானும் பழைய ஓட்டு வீட்டை இறக்கிவிட்டுப் புதுவீடு கட்டினார்கள். மனையின் அகலம் 24 அடி, நீளம் 130 அடி. தெருவில் தொடங்கிக் கொல்லையில் முடியும் இந்த மாதிரி மனைகளை டெல்டாவின் பழைய தெருக்களில் எங்கும் பார்க்கலாம். வீடு மட்டும் 70 அடி நீளம். முன்னால் திண்ணை, அடுத்துக் கூடம், நடுவில் மாடிப்படி, அதைத் தாண்டி இரண்டு அறைகள், சமையலறை, கடைசியில் கொல்லைப்புறக் கட்டு. மாடியில் ஓர் அறை. அக்கா மகள் கணினி வேலையில் இருக்கிறாள்; வாரத்தில் பாதி நாள் அந்த மாடி அறையில் இருந்துதான் வேலை செய்யப்போகிறாள். அதனால் வீட்டின் நெட்வொர்க் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களுக்கும் கட்ட நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

“வைஃபை பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் போதாதா? சுவருக்குள் எதற்கு இத்தனை வயர்?” என்று அத்தான் தொடக்கத்திலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த வீட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. பெட்டியைக் கூடத்தில் வைத்தால், கொல்லைப்புற அறைக்குப் போவதற்குள் அலை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். மாடிக்குப் போக வேண்டுமானால் கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் இந்தத் தடைகளில் முதலில் சோர்ந்துபோகும். நடுவில் ரிப்பீட்டர் வைக்கலாம். ஆனால் அது வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்தால் கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். தளத்துக்கு ஒரு வைஃபை கருவி, ஒவ்வொன்றுக்கும் சுவருக்குள் தனிக் கேபிள் என்று அமைத்தால் இந்தச் சிக்கலே எழாது. நல்ல வைஃபை வேண்டுமென்றாலும் அதற்கு அடியில் கேபிள் வேண்டும் என்று சொன்னதும் அத்தான் ஒப்புக்கொண்டார்.

இந்த வேலையில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கேபிளைவிடக் குழாய் முக்கியம். இன்று கேட் 6 (Cat 6) என்ற தர வகைக் கேபிளைப் போடுகிறோம். பதினைந்து ஆண்டு கழித்து வேறு ஏதோ வரும், உருவிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கான்கிரீட்டுக்குள் போன குழாயை மாற்ற முடியாது. போடாமல் விட்ட குழாயை நினைத்து வீட்டின் ஆயுள் முழுக்கச் சுவரின் மேல் வயர் பட்டி அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனவே சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கலவை வருவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் என் வேலையின் பெரும்பகுதி முடிந்தது.

எலக்ட்ரீசியன் தம்பி ஃபேன் பெட்டிகளையும் விளக்குக்கான குழாய்களையும் வைக்கும்போதே, நெட்வொர்க்குக்கான குழாய்களையும் தனியாக வைத்தோம். மொத்தம் 14 முனைகள், அதாவது கேபிள் வெளியே வரும் இடங்கள். தொலைக்காட்சிச் சுவரில் இரண்டு, படிப்பறையாகப் போகும் அறையில் இரண்டு, மாடி அறையில் இரண்டு, மீதி இரண்டு அறைகளில் தலா ஒன்று, கூரையில் வைஃபை கருவிக்குக் கீழ்த்தளத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, நான்கு மூலைகளில் கேமராவுக்கு ஒவ்வொன்று. எல்லாம் மாடிப்படிக்கு அடியில் உள்ள ஒரே பெட்டிக்கு வந்து சேரும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த அறைக்கு என்று மின்சார வயர் போலத் தொடர்ச்சியாக இழுத்துப் போகக் கூடாது. ஒவ்வொரு முனைக்கும் மையத்திலிருந்து தனிக் கேபிள் போக வேண்டும். மின் வேலை செய்து பழகியவர்களுக்கு இது புதிது என்பதால் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டுத்தான் தொடங்கினோம்.

குழாய் 25 மி.மீ., அதாவது கடையில் ஒரு இன்ச் என்று கேட்டு வாங்குவது. கேட் 6 கேபிளின் தடிமன் ஏறக்குறைய 6 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது கேபிள் வேலையின் பொது விதி. கணக்குப்படி நான்கு கேபிள் தாராளமாகப் போகும் என்றாலும் நாங்கள் மூன்றுக்கு மேல் போடவில்லை. வளைவுகளில் சட்டென்று திரும்பும் எல்போவைத் தொடவே இல்லை. மெல்ல வளையும் நீண்ட பெண்டுகள் மட்டும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் இடையில் ஒரு டீப் பாக்ஸ் (ஆழமான இணைப்புப் பெட்டி) வைத்தோம். கேபிளை அதன் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடிக்கக் கூடாது, ஏறக்குறைய 25 மி.மீ. எல்போ அந்த அளவைத் தருவதில்லை. இழுக்கும்போது கேபிள் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

மின்சாரக் குழாயும் இதுவும் கலக்கவே கூடாது. 230 வோல்ட் வயருடன் ஒரே குழாயில் கேபிளைச் செருகுவது ஆபத்து; தப்பித்தவறி மின்வயரின் உறை கிழிந்தால் மின்சாரம் நேரே கணினிக்கு வந்துவிடும். குறுக்கீடு வேறு. சுவரில் இரண்டும் இணையாகப் போகும் இடங்களில் ஓர் அடி இடைவெளி விட்டோம். தாண்டியே ஆக வேண்டிய இடங்களில் நேர்குறுக்காகத் தாண்டினோம். குழாய் பதிக்கச் சுவரில் வெட்டும் காடியை மேலிருந்து கீழாக மட்டும் வெட்டச் சொன்னேன். நாலரை அங்குலச் சுவரில் கிடைமட்டமாக நீளக் காடி வெட்டினால் சுவரே பலவீனப்படும். மேஸ்திரிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. அவரே ஓரிடத்தில் ஆளை நிறுத்தித் திருத்தினார்.

கான்கிரீட் போடும் நாளில் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும். கலவைச் சட்டியோடு ஆட்கள் கம்பி மேல் நடப்பார்கள், குழாய் மிதிபடும், இணைப்பு விலகும். விலகிய இடத்தில் சிமெண்ட் பால் உள்ளே போய் உறைந்துவிட்டால் அந்தக் குழாய் அவ்வளவுதான். ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் பசை தடவி ஒட்டினோம். வெறுமனே செருகிவிட்டுப் போகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தளத்துக்குள் அது உதவாது. டீப் பாக்ஸ்களில் காகிதத்தை அடைத்து டேப் சுற்றினோம். கலவை விழுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். சுவரிலிருந்து எத்தனை அடியில் குழாய் ஓடுகிறது என்பது படத்திலேயே தெரியும். பின்னால் கூரையில் துளை போடுகிறவர்களுக்கும் அது தேவைப்படும்.

இவ்வளவு செய்தும் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. கொல்லைப்புற அறைக்குப் போகும் பாதையில் கேபிள் இழுக்க உதவும் நைலான் ஸ்பிரிங்கை விட்டால் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுமுனையிலிருந்து விட்டாலும் அதே இடம். படத்தோடு ஒப்பிட்டதில் அது கலவை வந்து இறங்கிய மூலை என்று தெரிந்தது. தளத்தை உடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்லவேளையாக அந்த அறையிலிருந்து மாடி அறைக்கு உபரியாக ஒரு குழாய் போட்டிருந்தோம். கேபிளை மையத்திலிருந்து மாடிக்கு ஏற்றி, அந்த உபரிக் குழாய் வழியாகக் கீழே இறக்கினோம். சில மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் ஓர் உபரிக் குழாய் போடுங்கள். மொத்தக் கட்டுமானச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது.

கேபிளைப் பூச்சு வேலை முடிந்து, வெள்ளையும் அடித்த பிறகுதான் உள்ளே விட்டோம். பூச்சுக்கு நாள்கணக்கில் தண்ணீர் அடிப்பார்கள். குழாய்க்குள் ஈரம் இறங்கியே தீரும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு நடந்தால் அந்த ஈரம் காயவும் நாளாகும். கம்பியில் துணியைக் கட்டி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இழுத்துத் துடைத்தோம். சில குழாய்களில் துணி சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

அடுத்தது கேபிள் வாங்கும் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் இதுதான். கடைகளில் கேட் 6 என்று எழுதிய பெட்டிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. மிக மலிவானவற்றில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். தர விதிகளின்படி அதற்குக் கேட் 6 என்ற பெயரே பொருந்தாது. அலுமினியம் செம்பில் ஏறக்குறைய 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், எளிதில் ஒடியும், கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பும்போது சூடேறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி, ஆக எட்டு இழைகள் இருக்கும். நான் செய்த சோதனை மூன்று. ஓர் இழையின் உறையை உரித்துக் கத்தியால் சுரண்டினால் செம்பு உள்ளேயும் செம்பாகவே இருக்கும்; மற்றது வெள்ளி நிறம் காட்டும். அடுத்து எடை. 305 மீட்டர் பெட்டியில் எட்டு இழைகளும் 23 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) செம்பு என்றால் செம்பு மட்டுமே ஐந்தரை கிலோவைத் தாண்டும். அலுமினிய வகையில் உலோகம் அதில் பாதிகூட இராது. இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்தாலே கைக்குத் தெரியும். மூன்றாவது மல்டிமீட்டர், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியைத் திறந்து கேபிளின் மறுமுனையைக் கண்டெடுத்து, ஏதாவது ஒரு ஜோடியின் இரண்டு இழைகளையும் அங்கே முறுக்கி இணைத்துவிட வேண்டும். இந்த முனையில் அதே ஜோடியின் மின்தடையை அளக்க வேண்டும். போய்வரும் நீளம் 610 மீட்டர். 23 கேஜ் செம்புக்கு 40 ஓமுக்கு மேல் கொஞ்சம் காட்டும். நம் ஊர் வெயிலில் 43, 44 வரை போகலாம். 60 ஓமைத் தாண்டினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். திருச்சியில் முதலில் வாங்கிய பெட்டி 66 காட்டியது. கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது பெட்டி 42.

கேட் 6 ஏன், அதற்கு அடுத்த தரமான கேட் 6ஏ ஏன் இல்லை என்று கேட்கலாம். கேட் 6 நூறு மீட்டர் வரை ஜிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் தரும். 10 ஜிகாபிட்டுக்கு 55 மீட்டர் வரை போதும். இந்த வீட்டில் மிக நீண்ட ஓட்டமே 20 மீட்டரைத் தொடவில்லை. 6ஏ தடிமன் கூடியது, வளைக்கக் கடினம், குழாயில் எண்ணிக்கை குறைந்துவிடும். வீட்டுக்கு அது தேவையில்லை.

இழுக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியிலிருந்து கேபிளை முறுக்கில்லாமல் உள்ளே தள்ள, இன்னொருவர் ஸ்பிரிங்கை இழுக்க வேண்டும். 11 கிலோ விசைக்கு மேல் இழுத்தால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு நீண்டு கலைந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. அடம்பிடித்த இடங்களில் டால்கம் பவுடர் தூவினோம். எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள், உறையைக் கெடுக்கும். கேபிளின் உறையில் மீட்டர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு முனைகளின் எண்ணையும் குறித்துக்கொண்டேன். கழித்தால் நீளம் கிடைக்கும், எந்தக் கேபிள் எது என்ற குழப்பமும் வராது. மார்க்கரில் எழுதிய டேப் ஈரத்தில் அழிந்தாலும் இந்த எண் அழியாது.

சுவர் முனைகளில் கீஸ்டோன் ஜாக் (கேபிள் செருகும் துளை), மையத்தில் எல்லாக் கேபிள்களும் வந்து முடியும் பேட்ச் பேனல். சுவருக்குள் போகும் கேபிளின் இழை ஒற்றைக் கம்பி. அதை அடிக்கடி அசைக்கக் கூடாது. அதனால் கேபிள் நுனியில் நேரடியாகக் கிளிப் (ஆர்.ஜே.45 செருகி) அடித்துக் கருவியில் செருகாமல், ஜாக்கில் நிலையாக இறக்கிவிட்டு அங்கிருந்து மெல்லிய பேட்ச் கேபிள் போடுவதே சரி. ஜோடியின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. நிற வரிசை இரு முனையிலும் டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

கேமரா முனைகளில் மட்டும் இடமின்மையால் கிளிப் அடிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் ஒரு சுவாரசியமான சிக்கல் வந்தது. எலக்ட்ரீசியன் தம்பி நிறைய கேமரா வேலை செய்தவர், கை சுத்தமானவர். கொல்லைப்புறக் கேமராவுக்கான கேபிளின் இரு முனையையும் அவரே அடித்தார். எல்.இ.டி. சோதனைக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிந்தன. ஆனால் மடிக்கணினியைச் செருகினால் இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றது, அதுவும் விட்டுவிட்டு. கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று நிறங்களை ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்திருந்தார். இரு முனையிலும் ஒரே வரிசை என்பதால் விளக்குகள் எரியத்தான் செய்யும்.

“எட்டும் சரியாகத்தானே போகிறது அண்ணே?” என்று கேட்டார். இழை சரியாகத்தான் போகிறது, ஜோடிதான் பிரிந்துவிட்டது. கணினி போன்ற கருவி, கிளிப்பின் 3-ஆம், 6-ஆம் ஊசிகளை ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. அவை இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய இழைகளாக இருந்தால்தான் ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது ஈடு செய்யும். அவர் வரிசையில் 3-ஆவது பச்சை ஜோடியிலிருந்தும் 6-ஆவது நீல ஜோடியிலிருந்தும் வந்தன. இரைச்சல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழை போதும். குறைந்த தூரத்தில் தட்டுத்தடுமாறி ஓடும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் 4, 5 ஊசிகள் அந்தக் காலத் தொலைபேசி இணைப்புக்கு ஒத்துவரும்படி ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் பச்சை ஜோடி நீலத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இதைச் சொன்னதும் தம்பிக்கு வரிசை மனதில் நின்றுவிட்டது. மீதிக் கிளிப்புகளை அவரே அடித்தார், எல்லாம் சரியாக வந்தன.

விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், எல்லா முனைகளையும் இரண்டு கணினிகளுக்கு நடுவில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் (iperf) நிரலை ஓட்டி அளந்தேன். ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் 940 மெகாபிட் அளவுக்கு வர வேண்டும். பதினான்கும் வந்தன.

மையப் பெட்டியைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பொருத்தினோம். ஆறு பொங்கி ஊருக்குள் வருவது ஒருபுறம் இருக்க, நம் பக்கத்துக் களிமண்ணில் சுவரின் அடிப்பகுதிக்கு ஈரம் ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. பெட்டியின் மேலும் கீழும் காற்றோட்டத் துளைகள் உண்டு. இணையத்துக்கான ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து வருவதற்கு முன்சுவரில் தனிக் குழாய் வைத்தோம். வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருக்கும். மழைத்தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே ஏறாது.

பெட்டிக்குள் எல்லாக் கேபிள்களையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. (PoE) வகை. 2003-இல் வந்த முதல் தர விதியில் ஒரு முனைக்கு 15.4 வாட், 2009-இல் வந்ததில் 30 வாட். கேமராவுக்கும் கூரை வைஃபை கருவிக்கும் தாராளம். இதன் உண்மையான பலன் மின்வெட்டில் தெரியும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் சில நேரம் மணிக்கணக்கில் வராது. இன்வெர்ட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் இந்தப் பெட்டிக்கு வந்தால் போதும். இரண்டு தளத்து வைஃபையும் நான்கு கேமராவும் நிற்காமல் ஓடும். இந்த இன்வெர்ட்டர் இணைப்பை மின்வேலையின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீடுகளை நோக்கி வரும். வெளியே திறந்திருக்கும் குழாய்வாய் அவற்றுக்கு நல்ல வழி. கேமராக் குழாய்கள், ஃபைபர் குழாய் எல்லாவற்றின் வாயிலும் எஃகுக் கம்பளியைத் திணித்து அதன் மேல் பட்டி பூசினோம். வெறும் பஞ்சையும் தெர்மோகோலையும் கடித்துத் தள்ளிவிடும்.

மீதியிருப்பது கொல்லையின் கடைசியில் உள்ள மோட்டார் கொட்டகை. அங்கேயும் ஒரு கேமரா வேண்டும் என்கிறார் அத்தான். தூரம் கேட் 6-க்கு எளிதாக எட்டும்தான். ஆனாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் போட நான் சம்மதிக்கவில்லை. சுற்றிலும் தென்னை, இடி விழாத ஆண்டு இல்லை. பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு எழும். அது கேபிள் வழியாக வீட்டு சுவிட்சுக்கு வந்து எல்லா முனைகளையும் எரித்துவிடும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. அதனால் அங்கே ஃபைபர்தான், அதிலும் எஃகுக் கம்பி சேர்க்காத வகை. இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் ஒரு மாற்றுக்கருவி; கேமராவுக்கு மின்சாரம் கொட்டகையிலேயே இருக்கிறது.

மண்ணுக்குள் புதைக்கும் குழாயில் தண்ணீர் நிற்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இந்தக் களிமண் ஒட்டிய இணைப்புகளைப் பிரித்துவிடும். ஆகவே துண்டு துண்டாக ஒட்டும் பி.வி.சி. குழாய் வேண்டாம், சுருளாக வரும் கருப்பு எச்.டி.பி.இ. குழாயை இணைப்பே இல்லாமல் இரண்டடி ஆழத்தில் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். சுருளும் ஃபைபரும் வாங்கி வைத்தாகிவிட்டது. கொல்லையில் இப்போது கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது. மாசியில் மண் இறுகியதும் பள்ளம் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறோம்.